படி ஏறிச் சென்றவர்

செப்டம்பர் 8 என்றதும் தமிழகக் கத்தோலிக்கரின் மனம் வேளாங்கண்ணிக்குப் போய்விடும். அன்னை மரியாவின் பிறப்பு விழா அது. ஆரோக்கிய அன்னையின் கொடி இறங்கும் நாள். 1853-ஆம் ஆண்டு அதே நாளில், பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுக நகரில், 40 வயதே ஆன பேராசிரியர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு இளம் மனைவியும் எட்டு வயதில் ஒரே மகளும் இருந்தார்கள். அவர் குருவானவர் அல்லர். துறவற சபை எதையும் சேர்ந்தவரும் அல்லர். சட்டமும் இலக்கியமும் படித்து, சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்திய பொதுநிலையினர். அவர் பெயர் பிரெடெரிக் ஓசானாம்.

பெயர் நம்மில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அவர் தொடங்கி வைத்த வேலை நமக்குப் புதிதல்ல. நம் பங்குகள் பலவற்றில் ஐந்தாறு பேர் வாரந்தோறும் கூடிச் செபம் சொல்கிறார்கள். பிறகு ஒரு நோட்டைத் திறந்து, எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை, எந்தக் கூரை ஒழுகுகிறது என்று பேசுகிறார்கள். அந்த வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய இளைஞர்களில் முதன்மையானவர் இவர். புனித வின்சென்ட் இறந்தது 1660-இல். அவர் பெயரைத் தாங்கிய இந்தச் சபை பிறந்தது 1833-இல். இடையே 173 ஆண்டுகள். புனிதரே இதைத் தொடங்கினார் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு.

பழனி மலைப் பகுதி மக்களுக்கு இவருடைய வாழ்வு மிகவும் பொருந்தும். கொடைக்கானலில் ஏரி சாலையிலிருந்து தெரியும், விடுதிகள் தெரியும், கடைகள் தெரியும். ஏழையின் வீடு தெரியாது. அது சாலைக்குக் கீழே சரிவில் இருக்கும். இல்லையேல் தோட்டத்துக்குள் லைன் வீடாக இருக்கும். அங்கே போக வேண்டுமானால் இறங்கி நடக்க வேண்டும். திரும்பும்போது மூச்சு வாங்க ஏற வேண்டும். ஓசானாம் வாழ்ந்த பாரிசில் ஏழைகள் பழைய கட்டடங்களின் உச்சி மாடிகளிலும், வெளிச்சம் புகாத நிலவறைகளிலும் குடியிருந்தார்கள். அங்கும் தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. படி ஏறியவர்களுக்கே தெரிந்தது. அவர் ஏறினார்.

மருத்துவரின் மகன்

பிரெடெரிக் 1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். அப்போது மிலான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தந்தை ஷான் அந்துவான் ஓசானாம் நெப்போலியனின் படையில் பணியாற்றி, பின்னர் மருத்துவரானவர். தாய் மரி நாந்தா. அந்தத் தம்பதியருக்குப் பிறந்த பிள்ளைகள் பதினான்கு. வளர்ந்து ஆளானவர்கள் மூன்று ஆண் பிள்ளைகள் மட்டுமே. பிரெடெரிக் மிகவும் நேசித்த அக்காள் எலிசா 19 வயதில் இறந்தாள். அவருக்கு அப்போது வயது ஏழு. சாவும் பிரிவும் எப்படியிருக்கும் என்பதை அந்த வீடு நன்றாக அறிந்திருந்தது.

1816-இல் குடும்பம் பிரான்சின் லியோன் நகருக்கு வந்தது. லியோன் பட்டு நெசவுக்குப் பேர் பெற்ற ஊர். தறிக்காரர்கள் குறைந்த கூலிக்கு நாளெல்லாம் உழைத்துக் குறுகலான வீடுகளில் வாழ்ந்தார்கள். மருத்துவர் ஓசானாம் அவர்களில் பலருக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். அம்மாவும் ஏழை நோயாளிகளைத் தேடிப் போகிறவர். இருவருக்கும் வயது ஏறியபோது, இனி நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்களாம். ஆனால் ஒரு நாள், அதற்கும் மேலே இருந்த ஒரு நோயாளியின் வீட்டில் இருவரும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டார்கள் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

கடைசியில் அந்தப் படிக்கட்டே தந்தையின் உயிரையும் வாங்கியது. 1837-இல் ஏழை ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் படியில் தவறி விழுந்து அவர் இறந்தார். ஏழையின் வீட்டுப் படி ஏறுவது என்பது பிரெடெரிக்குக்குப் புத்தகத்தில் படித்த பாடமல்ல. பெற்றோரிடம் பார்த்துப் பழகியது.

ஐயமும் தெளிவும்

பள்ளியில் படிக்கும்போது, 15, 16 வயதில், அவருக்கு விசுவாசத்தில் கடும் ஐயம் எழுந்தது. படித்தவர்கள் பலர் மதத்தை எள்ளி நகையாடிய காலம் அது. இரவில் தூக்கம் வராமல் தவித்தார். அவருக்கு மெய்யியல் கற்பித்த குருவானவர் நுவாரோ அவரைக் கண்டிக்கவில்லை. நீண்ட நடைப்பயணங்களில் தம்மோடு அழைத்துப் போய், கேள்விகளையெல்லாம் கேட்க விட்டு, பொறுமையாக வழிகாட்டினார். அந்த இருட்டிலிருந்து வெளியே வந்தபோது, உண்மைக்காகவே உழைப்பது என்று இளைஞர் உறுதி செய்துகொண்டார். ஐயப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் நுவாரோ அடிகளாரை நினைத்துக்கொள்வது நல்லது.

1831-இல் சட்டம் படிக்கப் பாரிசு சென்றார். அங்கே தங்க இடம் கொடுத்தவர் ஆந்திரே மரி ஆம்பியர். மின்னோட்டத்தை அளக்க இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஆம்பியர் என்ற அலகு அந்த விஞ்ஞானியின் பெயரால் அமைந்ததே. அப்பேர்ப்பட்ட அறிவாளி, ஆலயத்தின் ஒரு மூலையில் முழந்தாளிட்டு, செபமாலை உருட்டிக்கொண்டிருந்ததை ஓசானாம் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்து போயிற்று.

ஒரு கேள்வியும் கொஞ்சம் விறகும்

1832-இல் பாரிசை வாந்திபேதி தாக்கியது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நெருக்கமும் அழுக்கும் மிகுந்த ஏழைத் தெருக்களில்தான் சாவு அதிகம்.

அக்காலத்தில் ஓசானாமும் நண்பர்களும் வரலாறு, மெய்யியல் பற்றி விவாதிக்கும் ஒரு மாணவர் மன்றம் நடத்தி வந்தார்கள். எல்லாக் கருத்தினரும் வரலாம். அங்கே ஓசானாம், கிறிஸ்தவம் உலகுக்குச் செய்த நன்மைகளை அடுக்கடுக்காக எடுத்துச் சொல்வார். ஒரு நாள் எதிரணி மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான். பழங்காலத்தில் கிறிஸ்தவம் பெரிய காரியங்கள் செய்தது சரி. இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், உங்கள் கையால் செய்வது என்ன என்பதே அவன் கேள்வியின் பொருள்.

கேள்வி சுட்டது. கோபப்படவும் செய்யலாம், வாதத்தால் மடக்கவும் செய்யலாம். ஓசானாம் இரண்டையும் செய்யவில்லை. அவன் கேட்டது நியாயம் என்று ஏற்றுக்கொண்டார். அன்று மாலையே அவரும் நண்பர் அகுஸ்த் லெ தையாந்தியேயும் தங்கள் அறையில் குளிர்காலத்துக்கென வைத்திருந்ததில் மிச்சமிருந்த விறகைச் சுமந்துபோய் ஓர் ஏழையிடம் கொடுத்தார்கள். விறகு என்றால் என்ன என்று மலைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவில், ஒரு கட்டு விறகு இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மேல்மலைக் கிராமங்கள் அறியும்.

1833 ஏப்ரல் 23 அன்று, ஓசானாமின் 20-ஆவது பிறந்த நாளில், ஆறு மாணவர்களும் எம்மானுவேல் பாய்யி என்ற பத்திரிகையாளரும் பாய்யியின் பத்திரிகை அலுவலகத்தில் கூடினார்கள். மாணவர்கள் எல்லாரும் இளைஞர்கள். பாய்யி மட்டும் மூத்தவர். அவரே முதல் தலைவரானார். இனி பேச்சு மட்டும் போதாது, ஏழைகளின் வீடுகளுக்குப் போவோம் என்பதே அன்றைய முடிவு. மறு ஆண்டு புனித வின்சென்ட் தே பவுலைத் தங்கள் பாதுகாவலராக ஏற்றார்கள்.

ஓர் அருட்சகோதரியின் பள்ளியில்

ஆசை இருந்தது, அனுபவம் இல்லை. எந்த வீட்டுக்குப் போவது, என்ன கொடுப்பது, எப்படிப் பேசுவது? பாய்யி அவர்களை அருட்சகோதரி ரோசலி ரெந்துவிடம் அனுப்பினார். வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியருள் ஒருவரான அவர், பாரிசின் முஃப்தார் பகுதியில் வறியோரிடையே 50 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அங்கே ஒவ்வொரு சந்தும், ஒவ்வொரு வீட்டுக் கதவும் அவருக்குத் தெரியும். 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

அவர் மாணவர்களிடம் சில குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார். ரொட்டி வாங்குவதற்கான சீட்டுகளும் கொடுத்தார். இவற்றைவிட முக்கியமாக, எப்படிப் போக வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். ஏழையின் வீட்டில் போய் உபதேசம் செய்யக் கூடாது. அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அவர்கள் தவறு செய்தால் உடனே தீர்ப்பிடாமல், அந்த நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓசானாம் சந்தித்த தொடக்கக் குடும்பங்களில் ஒன்றைப் பற்றிய செய்தி இதை விளக்கும். ஒரு தாய், ஐந்து பிள்ளைகள். அவள் உழைத்துச் சம்பாதிப்பதைக் கணவன் பிடுங்கிக் குடித்துத் தீர்த்தான், அடித்தான். ரொட்டிச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் கணக்கில் ஓர் உதவி ஏறியிருக்கும். அந்த வீட்டில் ஒன்றும் மாறியிருக்காது. ஓசானாம் மீண்டும் மீண்டும் போனார், விசாரித்தார். சட்டம் படித்தவர் அல்லவா? அவர்களுக்குள் சட்டப்படி திருமணமே நடக்கவில்லை என்பது தெரிய வந்தது. அப்படியானால் அவளை அங்கே கட்டிவைக்க அவனுக்கு உரிமையில்லை. நண்பர்களிடம் பணம் திரட்டி அவளைச் சொந்த ஊரில் இருந்த தாயிடம் அனுப்பி வைத்தார்கள். மூத்த பையன்கள் இருவருக்கும் பாய்யியின் அச்சகத்தில் வேலை கிடைத்தது. ஒரு குடும்பம் எழுந்து நின்றது.

குடியால் அழியும் வீடுகளை நாமும் பார்க்கிறோம். அரிசி கொடுக்கிறோம். அந்த அரிசியே விற்கப்பட்டு மதுக்கடைக்குப் போவதையும் பார்க்கிறோம். கொடுப்பதை நிறுத்திவிடுவோம் என்று அலுத்துக்கொள்வது எளிது. அவர் அலுத்துக்கொள்ளாமல், சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடினார். வீட்டுக்குள் போனதால்தான் அது அவர் கண்ணில் பட்டது.

எளிய ஒழுங்கு

சபையின் நடைமுறை எளிமையானது. வாரம் ஒரு முறை கூட வேண்டும். தனியாகப் போகாமல் இருவர் இருவராக வீடுகளுக்குப் போக வேண்டும். ரொட்டி, விறகு போன்றவற்றுக்குச் சீட்டுகள் கொடுப்பார்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை அதில் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பணக்கார உறுப்பினர் பெரியவராகவும், ஏழை மாணவர் சிறியவராகவும் ஆகிவிடாமல் இருக்க இது உதவியது. எந்த வீட்டில் என்ன கண்டார்கள் என்பதைக் கூட்டத்துக்கு வெளியே பேசுவதில்லை.

உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது ஒரே குழுவாக இருக்க முடியவில்லை. பிரிந்தால் நட்பு குறையும் என்று சிலர் வருந்தினார்கள். பிரிந்தால்தான் அதிக வீடுகளை எட்ட முடியும் என்று ஓசானாம் எடுத்துச் சொன்னார். குழுக்கள் பிரிந்தன, பெருகின. 1835-இல் நீம் நகரிலும், 1836-இல் லியோனிலும் தொடங்கின. இந்தியாவில் முதல் கிளை 1863-இல் பூனாவில் பிறந்தது. இன்று சுமார் 150 நாடுகளில் இச்சபை வேலை செய்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கொடைக்கானலில் கால் ஊன்றினார்கள். 1860-களில் அங்கே சலேத் அன்னைக்கு ஆலயம் எழுந்தது. ஓசானாம் வாழ்ந்த அதே பிரான்சில், 1846-இல் லா சலேத் மலையில் மாடு மேய்த்த இரு ஏழைச் சிறுவருக்கு அன்னை காட்சி தந்ததன் நினைவு அது. அந்தச் சின்னஞ்சிறு ஆலயத்துக்குக் கல் சுமந்த கைகளும், மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் துரைமார்களை டோலியில் தூக்கி ஏற்றிய தோள்களும் ஏழைத் தமிழரின் கைகளும் தோள்களுமே. கொடைக்கானல் என்ற ஊரே அந்த உழைப்பில் எழுந்தது. உழைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கூலியைப் பற்றிப் பேசிய ஆசிரியர்

ஓசானாம் 1836-இல் சட்டத்தில் முனைவரானார். 1839-இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் பற்றி ஆய்வு செய்து இலக்கியத்திலும் முனைவரானார். அதே ஆண்டு லியோனில் வணிகச் சட்டம் கற்பிக்கத் தொடங்கினார்.

கடன் பத்திரமும் கூட்டு வாணிகமும் கற்பிக்க வேண்டிய வகுப்பில் அவர் தொழிலாளியின் கூலியைப் பற்றியும் பேசினார். கூலி என்பது அன்றன்றைய சோற்றுக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் அது நியாயமான கூலி அல்ல. பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், உழைக்க முடியாத முதுமையில் உயிர் வாழவும் அது உதவ வேண்டும் என்பது அவர் கருத்து. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் உரிமை பற்றிய சுற்றுமடலை 1891-இல் வெளியிடுவதற்கு ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன் சொன்னது இது. தறிக்காரர் வீடுகளையும் பாரிசின் மாடி அறைகளையும் நேரில் கண்டிருந்தவருக்கு, கூலி பற்றிய சட்டம் வெறும் ஏட்டுப் படிப்பாக இருக்க முடியவில்லை.

1840-இல் நடந்த கடினமான தேர்வு ஒன்றில் முதலிடம் பெற்றுப் பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்றார். 1844-இல் அங்கே பேராசிரியரானார்.

1841 ஜூன் 23 அன்று அமெலி சுலாக்ருவாவை மணந்தார். குருவாகிவிட்ட அண்ணன் அல்போன்சு திருமணத் திருப்பலி நிறைவேற்றினார். அதன் பின் ஒவ்வொரு மாதமும் 23-ஆம் தேதி மனைவிக்குப் பூங்கொத்து கொடுப்பது அவர் வழக்கம். ஏழைகளுக்காக ஓடுகிறவர்கள் வீட்டை மறந்துவிடுவார்கள் என்று நாம் சொல்வதுண்டு. அவர் மறக்கவில்லை. கருச்சிதைவின் துயரங்களுக்குப் பிறகு 1845-இல் மகள் மரி பிறந்தாள்.

ஒரு புத்தாண்டு நாள். தமக்குத் தெரிந்த ஓர் ஏழைக் குடும்பம் தங்கள் பழைய நல்ல நாட்களின் நினைவாக வைத்திருந்த கடைசிப் பொருளான ஓர் இழுப்பறைப் பெட்டியை அடகு வைத்துவிட்டது ஓசானாமுக்குத் தெரிய வந்தது. அதை மீட்டுக் கொடுக்க நினைத்தார். இவ்வளவு பணம் இப்போது வேண்டாமே என்று மனைவி நியாயமான காரணங்கள் சொல்ல, விட்டுவிட்டார். மாலையில் வீட்டுக்கு வந்தவர், மகளுக்கு வந்து குவிந்திருந்த விளையாட்டுச் சாமான்களையும் இனிப்புகளையும் பார்த்தார். தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. மனைவியிடம் மனக்குறையைச் சொல்லி, அப்போதே புறப்பட்டுப் போய்ப் பெட்டியை மீட்டுக் கொடுத்த பிறகே மன அமைதியோடு திரும்பினார். பசித்தவனுக்குச் சோறு என்பது எல்லாருக்கும் தோன்றும். அடகுக் கடைக்குப் போன பொருளோடு ஒரு குடும்பத்தின் மானமும் போகிறது என்பது, அந்த வீட்டோடு பழகியவருக்கே தோன்றும்.

தடுப்பரணில் விழுந்த ஆயர்

1848 பிப்ரவரியில் பிரான்சில் புரட்சி வெடித்து முடியாட்சி வீழ்ந்தது. படித்த, வசதியான கத்தோலிக்கர்கள் பலர் பயந்து ஒதுங்கினார்கள். திருச்சபை ஏழை மக்களின் பக்கம் நிற்க வேண்டும் என்று ஓசானாம் எழுதினார். தொமினிக்கன் குருவானவர் லக்கோர்தேரும் மற்றவர்களும் நடத்திய நாளேட்டில் அவருடைய கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. இதற்காகத் தம்மைச் சேர்ந்தவர்களிடமே ஏச்சு வாங்கினார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் வேலையிழந்த தொழிலாளர் பாரிசுத் தெருக்களில் தடுப்பரண் கட்டிப் போராடினார்கள். இராணுவம் சுட்டது. இரத்த ஆறு ஓடியது. ஓசானாமும் வேறு இருவரும் பேராயர் ஆஃப்ரிடம் சென்று, நீங்கள் நடுவில் நின்று சமாதானம் செய்ய வேண்டும் என்று வேண்டினார்கள். பேராயர் இணங்கினார். ஜூன் 25 அன்று தடுப்பரணை நோக்கி நடந்தவர் குண்டடிபட்டார். இரு நாட்களில் இறந்தார். தாம் கேட்டுக்கொண்டதன் பேரில் போன ஆயர் அப்படி மாண்டது ஓசானாமின் இதயத்தை நொறுக்கியது.

அவர் பின்வாங்கவில்லை. கலகம் அடங்கிவிட்டது, இனி நிம்மதி என்று நகரத்தார் பெருமூச்சு விட்டபோது, கலகத்துக்குக் காரணமான பசி இன்னும் அந்த வீடுகளுக்குள் இருக்கிறது என்று எழுதினார். ஈர நிலவறைகளில் குழந்தைகள் வைக்கோலில் படுத்திருப்பதையும், குடும்பம் முழுவதும் ஒரே அறையில் அடைந்து கிடப்பதையும், கண்ணால் கண்டபடி நாளேட்டில் விவரித்தார். தர்மம் காயத்துக்கு மருந்திடும்; காயம் ஏற்படாமல் தடுக்க நீதி வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியதன் சாரம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க அவர் விடவில்லை. 1849-இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது சபை உறுப்பினர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்த் தொண்டு செய்தார்கள்.

கடைசிப் பயணம்

ஓய்வில்லாத உழைப்பு உடலை உருக்கியது. சிறுநீரக நோய் முற்றியது. நல்ல தட்பவெப்பம் தேடி இத்தாலிக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நடக்க முடிந்த வரைக்கும் சபைக் கிளைகளைச் சென்று பார்த்தார். இனிப் பிழைப்பது அரிது என்று தெரிந்ததும் தாய்நாடு திரும்பக் கப்பலேறினார். மார்செய் வரைக்கும்தான் வர முடிந்தது. 1853 செப்டம்பர் 8 அன்று, மாதாவின் பிறந்த நாளில், அச்சமின்றி அமைதியாக உயிர் நீத்தார். அவர் உடல் பாரிசில் கார்மேல் புனித யோசேப்பு ஆலயத்தின் நிலவறைக் கல்லறையில் வைக்கப்பட்டிருக்கிறது. பிரேசில் நாட்டில் 1926-இல் தொண்டை அடைப்பான் நோயால் சாகும் நிலையில் இருந்த ஒரு குழந்தை அவரது பரிந்துரையால் நலமடைந்ததைத் திருச்சபை ஏற்றது. 1997 ஆகஸ்டு 22 அன்று, உலக இளைஞர் நாள் நடந்துகொண்டிருந்தபோது, பாரிசு நோத்ருதாம் பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என அறிவித்தார். ஓசானாம் இந்தப் பணியைத் தொடங்கியதும் இளைஞனாக இருந்தபோதுதானே!

நம் மலைச் சரிவுகளில்

அன்புக்குரியவர்களே, பாரிசு எங்கே, பழனி மலை எங்கே என்று நினைக்க வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே கிடைக்கின்றன. ஆகவே வேலை போனால் வீடும் போய்விடுகிறது. உழைப்பவர் நோயில் விழுந்தாலோ இறந்தாலோ, அடுத்த கவலை எங்கே தங்குவது என்பதுதான். 1964-இல் செய்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களில் சில குடும்பங்கள் இந்த மலையில் மரம் வெட்டும் கூலி வேலைக்கு வந்து சேர்ந்தன. ஒரு மலையில் பிறந்து, வேற்று மலையில் காலடி மண்கூடச் சொந்தமில்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் முன்பே, இந்த மலையையே வீடாகக் கொண்டிருந்த பளியர்களும் வீட்டுமனைப் பட்டாவுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளைத் துண்டித்தது. 2020-இல் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்தபோது சுற்றுலாவையே நம்பி நாள்கூலிக்கு உழைத்தவர்கள் மாதக்கணக்கில் வருமானம் இழந்தார்கள். விடுதியில் பாத்திரம் கழுவியவர், குதிரை பிடித்தவர், சோளம் சுட்டு விற்றவர், இவர்களில் பலர் கை நீட்டிப் பழகாதவர்கள். பசியைவிட வெட்கம் அவர்களை அதிகம் வருத்தும். ஆலய வளாகத்தில் பெயர் படித்து, மேடையில் வரிசையாக நிறுத்தி, படம் எடுத்துப் பொருள் கொடுக்கும்போது, வரக் கூசி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இவர்களே. வந்து வாங்கியவர் கணக்கில் இருப்பார். வராதவரைப் பற்றி நமக்குத் தெரியவே தெரியாது.

இந்த இடத்தில்தான் ஓசானாமின் வாழ்வு நமக்கு உதவுகிறது. அவர் ஏழைகளைத் தம்மிடம் வரச் சொல்லவில்லை, அவர்களிடம் போனார். போனதால் கேட்டார். கேட்டதால், ரொட்டிக்கு அப்பால் என்ன தேவை என்று கண்டார். ஒரு வீட்டில் அது பையன்களுக்கு வேலை. மற்றொரு வீட்டில் அடகிலிருந்து மீட்ட பெட்டி. ஊர் முழுவதற்கும் அது நியாயமான கூலி. நம் சரிவில் இறங்கிப் போனால் நாமும் காண்போம். ஒரு வீட்டில் குடும்ப அட்டை இருக்காது. ஒரு வீட்டில் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்காது. ஒரு வீட்டில் பட்டா மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்கத் துணை இருக்காது. இவற்றுக்கு அதிகப் பணம் தேவையில்லை. நேரமும், வாரா வாரம் போகும் விடாமுயற்சியும் தேவை.

வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும் பங்குகளில் அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். முழங்கால் வலியோடு அவர்கள் சரிவில் இறங்கி ஏறுகிறார்கள். தொடங்கியவர்களோ இருபது வயது மாணவர்கள்! நம் இளைஞர்கள் அவர்களோடு சேர்ந்து நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சபை இல்லாத பங்குகளிலும் தயங்க வேண்டியதில்லை. அன்பியத்துக்கு இருவர் போதும். ஒரு வீடு போதும். இந்த வாரம் போகலாம். கதவு திறந்தால் உட்கார்ந்து கேட்கலாம். அடுத்த வாரமும் போகலாம்.

அருளாளர் பிரெடெரிக் ஓசானாம் நமக்காக மன்றாடுவாராக. சாலையிலிருந்து தெரியாத வீடுகளை ஆண்டவர் நம் கண்களுக்குக் காட்டுவாராக.